பச்சைக் கூடைக்காரரிடம் பேசக் கூடாது

உட்காருங்க சார், உட்காருங்க. நான் வந்தேன்னு எந்திரிக்காதீங்க. பெஞ்சு ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்கும். எனக்கு டீ டைம், பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போயிருவேன்.

போர்டைப் பாக்குறீங்களா? "இங்கு அமர்பவரிடம் யாரும் பேச வேண்டாம்"னு எழுதியிருக்கு, ஆமா. அது ஸ்டாஃபுக்குப் போட்ட போர்டு சார். நானும் ஸ்டாஃப்தான், இல்லேங்கல. ஆனா டீ டைம்ல இருக்கிறவன் ஸ்டாஃப்ல சேத்தி இல்ல. கையில பச்சைக் கூடை வச்சிருக்கீங்க, அதையும் பாத்துட்டேன். பச்சைக் கூடைக்காரர்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது, வணக்கம் கூடச் சொல்லக் கூடாதுன்னு ரூல். நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நான் பாட்டுக்குச் சொல்றேன், நீங்க பாட்டுக்கு ஃபோனைப் பாத்துட்டு இருங்க.

என்னைத் தெரியலையா? திருச்சியில பொன்வண்ணம் ஸ்டோர்ஸ்னா கோதண்டபாணி, கோதண்டபாணின்னா பொன்வண்ணம் ஸ்டோர்ஸ். இருபத்தாறு வருஷம் சார். முன்வாசல் கண்ணாடிக் கதவைத் தாண்டின உடனே வலது பக்கம் சந்தனக் கிண்ணம் வச்சிருப்பாங்கள்ல, அதுக்குப் பக்கத்துல நின்னவன் நான்தான். அட, நீங்க முன்வாசல் வழியா வந்திருக்கவே மாட்டீங்க. பார்க்கிங்ல வண்டியை விட்டுட்டு, பின்னாடி லிஃப்ட்ல ஏறி, ஒருத்தர் மூஞ்சியிலயும் முழிக்காம மூணாவது மாடிக்கு வந்திருப்பீங்க. ஃபோன்ல கடை ஆப்பு அப்படித்தானே வழி காட்டுது? அந்த வழிக்கு 'அமைதி வழி'ன்னு பேராம்.

அமைதியா இருக்கிறதுக்கு மனுசன் ஏன் சார் துணிக்கடைக்கு வர்றான்?

நான் நின்ன காலத்துல நீங்க வந்திருக்கணும். கதவுல காலை வைக்கும்போதே கண்டுபிடிச்சிருவேன். மூஞ்சியைப் பாத்தா கல்யாணத்துக்கா காதுகுத்துக்கான்னு தெரியும். உடம்பைப் பாத்தா சைஸ் தெரியும். டேப்பே வேண்டாம், கண்ணே டேப்பு. கடைக்கு நடுவுல அஞ்சு மாடியும் திறந்து கிடக்குதுல்ல, கீழ இருந்து ஒரு குரல் குடுத்தா உச்சி வரைக்கும் கணீர்னு போகும். "மூணாவது மாடி செல்வி! ஆரஞ்சு சேலை அக்கா மேல வர்றாங்க, நைட்டி டபுள் எக்ஸெல் எடுத்துப் போடு!" அக்கா படி ஏறி வர்றதுக்குள்ள மேஜையில இருபது நைட்டி விரிஞ்சு கிடக்கும். அஞ்சு மாடி சனமும் கைப்பிடிச் சுவர்ல எட்டி நின்னு, யாருடா அந்த அக்கான்னு பாக்கும். ராஜா வர்றதுக்கு முன்னாடி கட்டியம் சொல்லுவாங்கள்ல சார், அந்த மரியாதை.

சில பேரு பாதிப் படியிலயே திரும்பி விறுவிறுன்னு வெளிய போயிருவாங்க. பர்ஸை மறந்துட்டு வந்திருப்பாங்க போல.

வீட்லயும் நான்தான் எல்லாம். என் வீட்டுக்காரி கஸ்தூரி, கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு நாள் கடைப்படி ஏறினதில்ல. கூட்டம்னா அவளுக்கு ஆகாது. காய்க்காரன்கிட்ட வெண்டைக்காய் என்ன விலைன்னு கேக்குறதுக்கே நாலு தடவை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பா. அதனால சேலையில இருந்து உள்ள போடுறது வரைக்கும் நானே எடுத்துட்டுப் போயிருவேன். அவளுக்கு மெரூன் கலர்தான் எடுப்பு. பீரோவைத் திறந்தா மெரூனா இருக்கும். பிடிச்சிருக்கான்னு கேட்டா "ம்"ம்பா. புருஷன் ஜவுளிக்கடையில இருந்தா எத்தனை சௌகரியம் பாருங்க.

இப்படி இருக்கும்போதுதான் சார் அந்தப் பொண்ணு வந்துச்சு. இந்துஜான்னு பேரு. இருபத்தாறு வயசு இருக்கும், தில்லைநகர்ல ஒரு மாடி ரூம்ல மூணு பேரா சேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனி வச்சிருக்காங்க. சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கோதண்டம், கடைக்குள்ள வழி காட்டுற ஆப் ஒண்ணு பண்ணப் போறோம். கூச்சப்படுறவங்க, ஆளுங்ககிட்டப் பேசப் பயப்படுறவங்க, யாரையும் கேக்காம தானே வந்து எடுத்துட்டுப் போறதுக்கு. உன்னை விட இந்தக் கடை தெரிஞ்ச ஆள் கிடையாது. மூணு வாரம் இந்தப் பொண்ணுகூடச் சுத்திக் காட்டு"ன்னாரு.

சந்தோஷமாத்தான் போனேன். என்னை விடத் தெரிஞ்ச ஆள் இல்லன்னு முதலாளி வாயாலயே சொல்லிட்டாரே. ஆனா அந்தப் பொண்ணு பேசவே பேசாது சார். பக்கத்துல நின்னுக்கிட்டு வாட்ஸ்அப்ல கேக்கும். "இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் எத்தனை அடி?"ன்னு மெசேஜ் வரும். நான் வாயால சொல்லுவேன். தலையை ஆட்டும். தூணுக்குத் தூண் சோப்புக்கட்டி அளவுல வெள்ளை டப்பா ஒட்டுச்சு. எந்த டப்பாவுக்குப் பக்கத்துல நிக்கிறோம்னு ஃபோன் கண்டுபிடிச்சுக்குமாம். அந்தா, உங்க தலைக்கு மேல ஒண்ணு இருக்கு பாருங்க.

நான் ஒண்ணையும் மறைக்கல. எந்த வளைவுல கூட்டம் முட்டும், எந்தக் கண்ணாடியைப் பாத்து சனங்க வழின்னு நினைச்சு முட்டிக்கும், எந்த சேல்ஸ்மேன் விடாம பின்னாடியே வருவான், எல்லாம் சொன்னேன். கடைசியில ஃபோன்ல கடைப் படத்தைக் காட்டுச்சு. அங்கங்க மஞ்சளா சின்னச் சின்ன வட்டம். முன்வாசல்ல, சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்துல, சரியா நான் நிக்கிற இடத்துல, ரூபாய் நாணயம் மாதிரி பெருசா ஒரு சிவப்பு வட்டம். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. பேசத் தெரியாத பொண்ணா இருந்தாலும் யாருக்கு எந்த இடம்னு தெரிஞ்சு வச்சிருக்குதேன்னு நினைச்சேன். அன்னிக்கு எல்லா மாடிக்கும் போய்ச் சொன்னேன். கஸ்தூரிகிட்டயும் சொன்னேன்.

அப்புறம் ஆப்பைத் தொடங்குற அன்னிக்கு ஸ்டாஃப் எல்லாரையும் நிக்க வச்சு சின்ன முதலாளி விளக்கம் சொன்னார். "மஞ்சள் வட்டம்னா அங்க யாராவது பேச்சுக் குடுக்கலாம். சிவப்புன்னா கண்டிப்பாப் பேச்சுக் குடுப்பாங்க. அமைதி வழி சிவப்பைத் தொடாம சுத்திப் போகும்." நூத்திப் பத்து பேரும் ஒரே நேரத்துல என்னைத் திரும்பிப் பாத்தாங்க சார். செல்வி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

நீங்க என்ன எடுக்க வந்தீங்க? சொல்லுங்க, என்கிட்ட என்ன கூச்சம். கூடையில ஒண்ணும் காணோமே. இருங்க, நானே சொல்றேன். பனியன்தானே? எண்பத்தஞ்சு. ஏய் தினகரா! சாருக்குப் பனியன் எண்பத்தஞ்சு, கை வச்சது... ஐயோ, ஏன் சார் கையை ஆட்டுறீங்க? சரி சரி. வேண்டாம் தினகரா! சாருக்கு வேண்டாமாம்! பழக்க தோஷம். இனி சத்தம் போடல. உட்காருங்க, மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போச்சு உங்களுக்கு. இங்க ஏசி சரியில்ல.

எங்க விட்டேன்? ஆங், ஆப்பு. முதல் வாரம் பச்சைக் கூடை பத்துப் பதினஞ்சு போச்சு. இதெல்லாம் எத்தனை நாளைக்குன்னு இருந்தேன். ஒரு மாசத்துல கூடை பத்தலன்னு புதுசா வாங்கிப் போட்டாங்க. ஊர்ல இத்தனை பேர் வாயடைச்சு இருந்திருக்காங்களா சார்? காலேஜ் பொண்ணுங்க, திக்கிப் பேசுற ஒரு வாத்தியார், புருஷன் செத்த பின்னாடி முதல் தடவையா தனியா வந்த அம்மா, எல்லாம் பின்வாசல் வழியா. நான் முன்வாசல்ல சந்தனக் கிண்ணத்துல ஈ விரட்டிட்டு நிக்கிறேன்.

ஆயுத பூஜை அன்னிக்குக் கடையில ஒருத்தருக்குச் சால்வை போடுவாங்க. பதினோரு வருஷமா என் தோள்தான். இந்த வருஷமும் வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில நின்னேன். பேரைக் கூப்பிட்டாங்க, இந்துஜா. அது ஸ்டாஃபே கிடையாது சார்! மேடை ஏறி, சால்வையை வாங்கி, ஒரு நன்றி கூடச் சொல்லாம, கையைக் கும்பிட்டுட்டு இறங்கிருச்சு. அதுக்கு விசிலு, கைதட்டு. நான் சால்வை வாங்கினப்பல்லாம் கால் மணி நேரம் பேசியிருக்கேன், ஒருத்தனும் இப்படித் தட்டினதில்ல. வயிறு எரிஞ்சுது. உங்ககிட்ட என்ன ஒளிவு, பத்திக்கிட்டு எரிஞ்சுது. வாயே திறக்காத ஒண்ணு, வாயால இருபத்தாறு வருஷம் கடையை நடத்தினவனோட இடத்துல வந்து உட்காந்துருச்சே.

அப்ப ஒரு காரியம் பண்ணேன். தப்புதான், இருந்தாலும் கேளுங்க.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, செவ்வாய்க்கிழமை. கடை திறக்கிறதுக்கு முன்னாடி இதே மூணாவது மாடிக்கு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து, ரெண்டு தூண்ல இருந்த வெள்ளை டப்பாவைப் பேத்து மாத்தி ஒட்டிட்டேன். அவ்வளவுதான். லேடீஸ் உள்ளாடைக்குன்னு கிளம்புறவங்களைக் கொண்டுபோய் ஆம்பளைங்க பனியன், ஜட்டி நடுவுல நிறுத்திரும். தலைக்கு மேல போர்டு தொங்கத்தான் செய்யுது. ஆனா தலையைத் தூக்கினா யார் கண்ணாவது பட்டுருமேன்னு இவங்க தூக்கவே மாட்டாங்க. வழி தெரியாம முழிச்சுட்டு நிக்கும்போது நான் போய் "என்னம்மா வேணும்?"னு கேக்கணும். அவங்க என்னைக் கேக்கணும் சார். ஒரே ஒரு நாள் யாராவது என்னைக் கேக்கணும். அதுக்காக வாசலை விட்டுட்டு மேல வந்து ஒளிஞ்சு நின்னேன்.

பதினொரு மணிக்கு முதல் பச்சைக் கூடை வந்துச்சு. மெரூன் சேலை. குனிஞ்ச தலை, ஃபோனைப் பாத்துக்கிட்டே வந்து ஜட்டி அடுக்குக்கு முன்னாடி நின்னுச்சு. ஃபோனைப் பாக்குது, அடுக்கைப் பாக்குது, தூணை ஒரு சுத்து சுத்துது, மறுபடி அதே இடத்துக்கு வருது. கழுத்தெல்லாம் வேர்வை. சேலையை எங்கயோ பாத்திருக்கேனேன்னு தோணுச்சு. அப்புறம்தான் உறைச்சுது. நான் எடுத்துக் குடுத்த சேலை. உள்ள இருந்தது கஸ்தூரி.

என் பொண்டாட்டி சார்! இருபத்திரெண்டு வருஷமா கடைப்படி மிதிக்காதவ!

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே. "கஸ்தூரி! இங்க எங்க வந்த? என்ன வேணும் உனக்கு?"ன்னேன். அது வாசல் குரல், அடக்கிப் பேசிப் பழக்கமில்ல. கீழ பில் போடுற இடம் வரைக்கும் கேட்டிருக்கும். மாடியே திரும்பிப் பாத்துச்சு. அவ என்னை நிமிர்ந்து பாத்தா. பாத்துட்டு, அந்தப் பச்சைக் கூடையைத் தூக்கி நெஞ்சுக்கு நேரா பிடிச்சா. எனக்கும் அவளுக்கும் நடுவுல. கட்டின புருஷன்கிட்ட, ரூல் தெரியும்லங்கிற மாதிரி. அப்படியே பின்னாலயே நடந்து, கூடையைப் படியில வச்சுட்டு இறங்கிப் போயிட்டா.

அன்னிக்கு வீட்டுக்குப் போனேன். தோசை ஊத்திக் குடுத்தா. நீ ஏன் வந்தன்னு நான் கேக்கல. அவளும் ஏன் கத்துனீங்கன்னு கேக்கல. நாலு மாசமா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்துட்டுப் போயிருக்கான்னு அப்புறம் செல்விதான் சொன்னா. நான் கீழ வாசல்ல ஊருக்கெல்லாம் வழி சொல்லிட்டு நிக்கிறேன், எனக்கு மேல மூணு மாடி தள்ளி என் பொண்டாட்டி நடந்துட்டு இருந்திருக்கா.

டப்பா மாத்தின விஷயம் மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சு போச்சு. சின்ன முதலாளி கணக்கை முடிச்சு அனுப்பிருவேன்னு குதிச்சார். அப்பதான் அந்த இந்துஜா முதல் தடவையா என்கிட்ட வாயைத் திறந்து பேசுச்சு. சின்னக் குரல்தான். "அண்ணா, காலேஜ் சேர்ந்த புதுசுல நான் தனியா இந்தக் கடைக்கு வந்தேன். இன்னர்ஸ் எந்த மாடின்னு உங்ககிட்ட மெதுவாத்தான் கேட்டேன். நீங்க அஞ்சு மாடிக்கும் கேக்குற மாதிரி சைஸோட சொன்னீங்க. நான் அப்படியே வெளிய ஓடிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எந்தக் கடைக்கும் போகல. அன்னிக்கு நினைச்சதுதான் இந்த ஆப்"ன்னுச்சு.

நான் கேட்டேன், "என்ன சைஸ் சொன்னேன்?"

"முப்பத்திரெண்டு."

"சரிதானே?"ன்னேன். பாருங்க, வயிறு எரியாம என்ன செய்யும்? இந்த ஆப்புக்கு மூலகாரணமே நான்தான்னு அதுவே ஒத்துக்குது. நியாயமா அந்தச் சால்வை யாருக்கு வந்திருக்கணும்?

இதுல இன்னொண்ணு. முதலாளி என்னை அனுப்பாம தடுத்ததும் அந்தப் பொண்ணுதான். "கடை இவர் தலைக்குள்ள இருக்கு, விட்டுறாதீங்க"ன்னு எழுதிக் காட்டுச்சாம். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். எரியிற வயித்துல இரக்கப்பட்டு மோர் ஊத்துறாங்க பாருங்க, அதுதான் தாங்கல.

வாசல் வேலையை என்கிட்ட இருந்து எடுத்துட்டாங்க. இப்ப எனக்குக் கீழ, தையல் ரூமுக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர். ஆப்புல 'கேளுங்கள்'னு ஒரு பட்டன் இருக்குல்ல? அதுல நீங்க எழுதினா எனக்கு வரும். நான் பதில் அடிக்கணும். என் பேரு வராது, 'கடை உதவி'ன்னு வரும். ரெண்டு வரிக்கு மேல எழுத்து ஏறாது. முதல் நாள் ஒரு அம்மா போர்வை கேட்டாங்க. போர்வை எங்க இருக்கு, எந்த ஊர்ல நெய்யிறது, அவங்களுக்கு எது பொருந்தும்னு அடிச்சுட்டே போறேன், ரெண்டு வரியில திரை நின்னுருச்சு. மீதியைத் தொண்டையில வச்சுக்கிட்டு உட்காந்திருந்தேன். பழகப் பழக, "நாலாவது மாடி, லிஃப்டுக்கு இடது பக்கம்"னு அடிச்சுட்டுச் சும்மா இருக்கக் கத்துக்கிட்டேன். வேற வழி?

வீட்ல சொல்லல. வாசல் போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? அதே யூனிஃபார்ம், அதே நேரத்துக்குக் கிளம்புறேன். கஸ்தூரி நினைப்புல நான் இன்னும் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்.

ஒரு மாசம் அவ கடைக்கு வரல. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு கேள்வி வந்துச்சு. கேக்குறவங்க பேரு எனக்குத் தெரியாது, ஃபோன் நம்பர்ல கடைசி நாலு மட்டும் காட்டும். ஏழு, ஏழு, நாலு, ஒண்ணு. நான் வாங்கிக் குடுத்த சிம்மு சார் அது. என்ன கேள்வி தெரியுமா? "வாசலில் நிற்பவர் இப்போது மூன்றாவது மாடிக்கு வருவாரா?"

வீட்ல "ம்"முக்கு மேல பேசாதவ, எழுத்துல எப்படி எழுதுறா பாருங்க, புஸ்தகம் மாதிரி.

"வர மாட்டார்"னு அடிச்சேன். "நன்றி"ன்னு வந்துச்சு. அடுத்தது, "நாற்பது அளவு உள்ளாடை எந்தத் தூண் அருகில்?" நாற்பது! நான் இத்தனை வருஷமா முப்பத்தாறு எடுத்துட்டுப் போயிருக்கேன். என் கண்ணு தப்பாது சார். அவதான் சொல்லாம விட்டிருக்கா. "தூண் ஒன்பது, வலது பக்கம், கீழ் அடுக்கு"ன்னு அடிச்சேன். அடுத்த வாரம், "மெரூன் தவிர்த்து பருத்திச் சேலைகள் எங்கே?" மெரூன் தவிர்த்து. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. மெரூனுக்கு என்ன குறைச்சல்னு நாலு பக்கம் அடிப்பேன், திரையில இடம் இல்லையே. "இரண்டாவது மாடி, தூண் ஏழு"ன்னேன். அதுக்கு அவ, "ஏன் என்று கேட்காததற்கு நன்றி"ன்னா.

இப்படியே வாராவாரம். ஒரு நாள் ரெண்டு சேலைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, இளம்பச்சையா மஞ்சளான்னு கேட்டா. உங்க நிறத்துக்கு மெரூன்தான்னு விரல் வரைக்கும் வந்துருச்சு. முழிச்சுக்கிட்டு, "உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்"னு அடிச்சேன். அவகிட்ட இருந்து வந்துச்சு: "என்னிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை."

யாரும் சொன்னதில்லையாம்! யாரு சார் சொன்னது? நான்தானே சொன்னேன்!

இளம்பச்சையைக் கட்டிக்கிட்டு வீட்ல நிக்கிறா. நல்லாத்தான் இருந்துச்சு, சொல்லக் கூடாது. எங்க எடுத்தன்னு கேட்டேன். இப்பல்லாம் ஒளிக்கிறதில்ல. "உங்க கடையிலதாங்க. ஆப்புல கேட்டா ஒருத்தர் பதில் சொல்வார். கேட்டதுக்கு மட்டும் சொல்வார், ஒரு வார்த்தை கூடுதலா இருக்காது. எவ்வளவு பொறுமை தெரியுமா? யாருங்க அது?"ன்னா. ஒரே மூச்சுல இத்தனை பேச்சு! மூஞ்சியில அப்படி ஒரு தெளிவு. என்னைப் பத்தி யார்கிட்டயாவது அப்படிப் பேசியிருப்பாளா? எனக்கு அந்தக் கடை உதவி மேல அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு சார். இந்துஜா மேல வந்ததெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. "யாரோ புதுப் பையன். அரைகுறை. கடையைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அதான் ரெண்டு வரியில முடிச்சுக்கிறான்"ன்னேன்.

"பையனா? இல்லீங்க, நிதானமான மனுசர் மாதிரி இருக்கு"ன்னு எனக்கே எடுத்துச் சொல்றா.

செவ்வாய்க்கிழமை வந்தா இப்ப எனக்குக் காலையில இருந்தே படபடன்னு இருக்கு. ஏழு ஏழு நாலு ஒண்ணு எப்ப வரும்னு திரையைப் பாத்துட்டே இருப்பேன். வந்தா சந்தோஷம். பதிலை அடிச்சு முடிச்ச உடனே எரிச்சல். நான்தான்னு சொல்லிரலாம், ஒரு வார்த்தை போதும். சொன்னா அடுத்த செவ்வாய்க்கிழமை கேள்வி வராதே. அது எனக்குத் தெரியாதா?

கிளம்பாதீங்க சார், முடிஞ்சுது. முந்தாநாள் நடந்ததை மட்டும் கேட்டுட்டுப் போங்க.

முந்தாநாள் பதினொரு மணிக்கு எழுதினா: "எனக்கு எல்லோரையும் போல ஒருமுறை முன்வாசல் வழியாக வர ஆசை. வாசலில் நிற்பவர் விடுமுறை எடுக்கும் நாளைச் சொல்ல முடியுமா?"

நான் அந்த வாசல்ல இல்லாம மூணு மாசமாகுது. இருபத்தாறு வருஷம் நான் அங்க நின்னதே சனங்களை உள்ள கூப்பிடத்தானே சார்? ஊரையெல்லாம் கூப்பிட்டேன். இவளுக்கு நான் இல்லாத நாளா பாத்து வரணுமாம். ரெண்டு வரிதான் ஏறும். அதுல என்ன எழுதுவேன்? "இன்று வாசலில் யாரும் இல்லை. வாருங்கள்"னு அடிச்சேன்.

செக்யூரிட்டி ரூம்ல கேமரா டிவி இருக்கு, ஓடிப்போய் நின்னேன். பின்பக்கமிருந்து சுத்திக்கிட்டுத் தெரு வழியா வந்தா. கண்ணாடிக் கதவுகிட்ட ரெண்டு தடவை நின்னா. அப்புறம் உள்ள காலை வச்சா. சந்தனத்தைத் தொட்டுக்கிட்டா. நான் நின்ன அதே இடத்துல நின்னு, அண்ணாந்து அஞ்சு மாடியையும் ஒவ்வொண்ணாப் பாத்தா சார். ரொம்ப நேரம் பாத்தா. அவசரமே இல்ல. எனக்கு "வாம்மா"ன்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு. செக்யூரிட்டி என்னைப் பாத்து, என்ன அண்ணே கண்ணுல தூசியான்னு கேட்டான்.

வீட்டுக்குப் போனா வடை சுட்டு வச்சிருக்கா. விசேஷம் ஒண்ணும் இல்ல, சும்மா சுட்டேன்னா. சாப்பாடு போட்டுக்கிட்டே, நான் வாசல்ல அன்னிக்கு இல்லையேன்னு கேட்டுருவாளோன்னு பயந்துட்டு இருந்தேன். அவ அதைக் கேக்கல. சாம்பாரை ஊத்தினா. ஊத்திட்டு, கரண்டியைக் கையிலயே வச்சுக்கிட்டு, எங்கயோ பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. "அந்தக் கடை உதவிக்காரர் இருக்காரே, அவரைக் கட்டிக்கிட்டவங்க குடுத்து வச்சவங்க"ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? சாப்பாட்டுல இருந்து தலையைத் தூக்காம, "அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல"ன்னு சொல்லிட்டேன்.